ஆலை வாசலில் பேசவேண்டியவள்

மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் பத்திரிகைப் படிப்புக்கு இடம் கிடைத்த அன்று என்னென்ன பாடங்கள் என்று அப்பா கேட்டார். செய்தி எழுதுதல், பத்திரிகைச் சட்டம், அச்சுக்கலை என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் பப்ளிக் ரிலேஷன்ஸ் என்றேன். அப்பா அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. ஒரு வார்த்தைக்கு என்ன பொருள் என்று தெரிந்துகொள்ளாமல் அதைத் தாண்டிப் போகமாட்டார்.

"ரிலேஷன்ஸ்னா சொந்தக்காரா. ஊர்ல இருக்கறவா எல்லாரையும் சொந்தமாக்கிக்கறதுக்கு ஒரு படிப்பா?" என்றார்.

"இருக்கற சொந்தக்காராளோட பேசவே இவளுக்கு வாய் வராது," என்று உள்ளேயிருந்து அம்மா சொன்னாள்.

அது உண்மைதான். கல்யாணங்களில் பந்தி முடிந்து எல்லாரும் கூடிப் பேசும்போது நான் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எழுத வரும், பேச வராது. அதனால்தான் பத்திரிகைப் படிப்பைத் தேர்ந்தெடுத்தேன். எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

நாடு சுதந்திரம் அடைந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. எங்கே பார்த்தாலும் அணை, தொழிற்சாலை, ஐந்தாண்டுத் திட்டம் என்று பேச்சு. எங்கள் வகுப்பில் ஒரு பெஞ்சில் இரண்டு பெண்கள், மற்ற பெஞ்சுகளில் ஆண்கள். பப்ளிக் ரிலேஷன்ஸ் பாடத்துக்கு அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு தடித்த புத்தகம்தான் இருந்தது. அதை ஆசிரியர் எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். ரயில் கம்பெனிகள், வங்கிகள், பெரிய பெரிய கார் தொழிற்சாலைகள் எல்லாம் பொதுமக்களிடம் எப்படி நல்ல பெயர் வாங்கின என்று அதில் எழுதியிருந்தது. நாங்கள் குறிப்பெடுத்துக்கொள்வோம். வெளியே ஜட்கா வண்டிகள் போய்க்கொண்டிருக்கும்.

ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து தினமும் ரயிலில் வருகிற ஒரு மாணவர் ஒருநாள் எழுந்து நின்றார். கன்னடக்காரர், ஒல்லியாக இருப்பார், கேள்வி கேட்காமல் அவரால் ஒரு வகுப்பையும் முடிக்க முடியாது.

"சார், கம்பெனி நல்லது செய்தால் ஜனங்களே பேசிக்கொள்வார்கள். கெட்டது செய்தால் அதை மறைக்கத்தானே இந்த வேலைக்கு ஒரு ஆள்?"

ஆசிரியர் புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டினார். அதற்கு அதில் பதில் இல்லை போலிருக்கிறது. "பரீட்சைக்கு அது வராது," என்றார். எல்லாரும் சிரித்தோம்.

வகுப்பு முடிந்து வராந்தாவில் போகும்போது நான் அந்த மாணவரிடம் முதல்முறையாகப் பேசினேன். "மறைக்கத்தான்னு ஏன் நினைக்கிறீங்க? சொல்றதுக்கும் ஒரு ஆள் வேணுமே."

"நீங்க அந்த வேலைக்குப் போங்க ரீ. அப்புறம் சொல்லுங்க," என்றார். கன்னடத்தில் மரியாதைக்குச் சேர்க்கிற அந்த 'ரீ' இல்லாமல் அவர் யாரிடமும் பேசியதில்லை.

படிப்பு முடிந்ததும் அவர் உள்ளூர் கன்னடப் பத்திரிகை ஒன்றில் நிருபரானார். எனக்குப் பத்திரிகையில் இடம் கிடைக்கவில்லை. போன இடங்களில் எல்லாம் பெண்ணை எங்கே அனுப்புவது, சாயங்காலத்துக்குப் பிறகு எப்படி வேலை வாங்குவது என்று கேட்டார்கள். கடைசியில் ஊருக்கு வடக்கே, ஸ்ரீரங்கப்பட்டணம் போகிற சாலையில் இருந்த ஒரு தனியார் பட்டு ஆலையில் வேலை கிடைத்தது. பட்டுக்கூடுகளை வெந்நீரில் போட்டு நூல் எடுக்கிற ஆலை. அதைப் பார்க்க மந்திரிகள் வருவார்கள், வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். அவர்களிடம் இங்கிலீஷில் பேச ஒருவர் வேண்டும் என்பதுதான் மானேஜருடைய தேவை. பப்ளிக் ரிலேஷன்ஸ் என்று என் சான்றிதழில் இருந்ததைப் பார்த்து, "இது என்ன, ரிசப்ஷன் மாதிரியா?" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன். வேலை வேண்டியிருந்தது.

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் மேஜை போட்டார்கள். நூல் எடுத்தபின் மிஞ்சும் கூட்டுப்புழுக்களை ஆலைக்குப் பின்னால் ஒரு பெரிய குழியில் கொட்டுவார்கள். காற்று திரும்பினால் அந்த நாற்றம் என் அறைக்குள் வரும். முதல் வாரம் என்னால் சாப்பிட முடியவில்லை. புடவையில் அந்த வாடை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அம்மா என்னைக் கொல்லைப்பக்கமாகவே வீட்டுக்குள் வரச் சொன்னாள்.

அந்த வருஷம் தசராப் பொருட்காட்சியில் ஆலைக்கு ஒரு கடை எடுத்தார்கள். கூட்டிலிருந்து நூல் எடுப்பதைச் செய்து காட்ட இரண்டு பெண்கள், விளக்கிச் சொல்ல நான். எனக்கு முதல்நாள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனால் கேட்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "உள்ளே இருக்கிற புழு என்ன ஆகும்?"

மானேஜர் முன்னாலேயே சொல்லியிருந்தார். "அதைப் பத்திப் பேசாதே. பேச்சை நூலோட பளபளப்புக்கு மாத்திடு." இரண்டு நாள் அப்படித்தான் மாற்றிப் பார்த்தேன். கேட்டவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். மூன்றாம் நாள் ஒரு வயதான அம்மாள் கேட்டபோது, "கொதிக்கிற தண்ணியில செத்துப்போகும்" என்று சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் அந்தக் கூடுகளைப் பார்த்தார். "அப்போ எனக்கு வேண்டாம்," என்று சொல்லி, என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் நின்ற பெண் புடவையின் நிறங்களைக் கேட்க ஆரம்பித்தாள். அன்றிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் அப்படியே சொன்னேன். வியாபாரம் ஒன்றும் குறையவில்லை. நாக்கும் ஒட்டவில்லை.

விபத்து நடந்தது அதற்கு அடுத்த கோடையில். கொள்ளேகாலம் பக்கத்து ஊர்கள் மதராஸிலிருந்து பிரிந்து மைசூர் ராஜ்ஜியத்தோடு சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. அங்கே பட்டுப்பூச்சி வளர்க்கிற குடும்பங்கள் நிறைய. எங்கள் ஆலைக்கும் அந்தப் பக்கத்திலிருந்து பலர் வேலைக்கு வந்தார்கள். பாய்லர் பார்த்துக்கொண்டவர் அவர்களில் ஒருவர். கௌதள்ளிக்காரர், தமிழ் பேசுகிறவர். காலையில் என் அறையைத் தாண்டிப் போகும்போது, "சாப்டீங்களாம்மா?" என்று கேட்பார். அந்த ஆலையில் மற்ற எல்லாரோடும் கன்னடம்தான், என்னோடு தமிழில் பேசிய ஒரே மனிதர் அவர்தான்.

அன்று காலை இரண்டாவது சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் பெரிய சத்தம் கேட்டது. பாய்லரிலிருந்து நூலெடுக்கும் கொட்டகைக்கு நீராவி போகிற குழாய் வெடித்துவிட்டது. நான் ஓடிப்போனபோது கொட்டகை முழுக்க வெள்ளைப் புகையாக இருந்தது. உள்ளேயிருந்து பெண்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். மூன்று பெண்களுக்குக் கைகளிலும் முதுகிலும் வெந்திருந்தது. பாய்லர்காரரைக் கடைசியாகத் தூக்கி வந்தார்கள். அவரை நேராகப் பார்க்க என்னால் முடியவில்லை. நால்வரையும் ஆலையின் லாரியில் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

லாரி வெளியே போனதும் மானேஜர் வாசலைப் பூட்டச் சொன்னார். யாரும் உள்ளே வரக்கூடாது, யாரும் வெளியே போகக்கூடாது. பெங்களூரில் இருக்கிற முதலாளிக்கு டிரங்கால் போட்டிருந்தார், லைன் கிடைக்கவில்லை.

"பேப்பர்காரங்க வந்தா சின்னப் பழுதுன்னு சொல்லு," என்றார் என்னிடம். "வேற ஒரு வார்த்தையும் வேண்டாம். முதலாளி பேசற வரைக்கும் நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

அவர் கெட்ட மனிதர் இல்லை. டெலிபோனை விட்டு நகரவே பயந்தார்.

வெடித்த சத்தம் சுற்றியிருந்த தெருக்களுக்கெல்லாம் கேட்டிருந்தது. உச்சிவேளைக்குள் வாசலில் பெரிய கூட்டம். பெரும்பாலும் உள்ளே வேலை செய்கிற பெண்களின் அம்மாக்கள், புருஷன்கள், இடுப்பில் குழந்தையோடு தங்கைகள். லாரியில் ஆட்களைப் படுக்கவைத்துக் கொண்டுபோனதைச் சிலர் பார்த்திருக்கிறார்கள். பூட்டின வாசல் மிச்சத்தைச் சொல்லிவிட்டது. முதலில் ஐந்து பேர் செத்தார்கள் என்றார்கள். பிறகு பன்னிரண்டு. நான் கம்பிகளுக்குப் பக்கத்தில் போனபோது ஒரு கிழவர் கேட்டார், "பொணங்களைப் புழுக்குழியில போட்டு மூடறாங்களாமே, நிஜமா?"

இல்லை என்றேன். அவர் என்னை நம்பவில்லை. பூட்டிய கதவுக்கு உள்ளே நிற்கிறவள் சொல்வதை அவர் ஏன் நம்பவேண்டும்?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் வகுப்புத் தோழர், அந்த நிருபர், கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். சைக்கிளை வேலியில் சாய்த்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"எத்தனை பேர் ரீ?" என்றார்.

நான் திரும்பி அலுவலக ஜன்னலைப் பார்த்தேன்.

"சாயங்காலத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும். நீங்க சொன்னா நீங்க சொன்னதை எழுதுவேன். நீங்க சொல்லலைன்னா, இவங்க சொல்றாங்கன்னு எழுதுவேன். பன்னிரண்டுன்னு சொல்றாங்க." குரலில் மிரட்டல் இல்லை. வகுப்பில் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"கொஞ்சம் இருங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

மானேஜரிடம் சொன்னேன், "சார், நாலு பேருக்குத்தான் அடி. வெளியே பன்னிரண்டு பொணம்னு பேசறாங்க. நாலுன்னு சொல்லிடலாம்."

"சொன்னா நம்புவாங்களா?"

"சொன்னா நம்பமாட்டாங்க. காட்டணும். உள்ள இருக்கற எல்லாரையும் வெளியே அனுப்பிடுங்க. அவங்கவங்க மனுஷங்களை அவங்கவங்க கண்ணால பார்த்துக்கட்டும்."

"கதவைத் திறந்தா உள்ள புகுந்து உடைப்பாங்க."

"திறக்கலைன்னாலும் உடைப்பாங்க சார்."

அப்போது அலுவலகத்து ஓட்டின்மேல் ஒரு கல் விழுந்தது. அடுத்து இன்னொன்று. மானேஜர் டெலிபோனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். கையில் கொடுக்கவில்லை. வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொட்டகைக்குப் பின்னால் மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் போய், ஒவ்வொருவராக வெளியே நடந்து போகவேண்டும், ஓடக்கூடாது என்று சொன்னேன். வாசல் காவலாளி ஒற்றைக் கதவை மட்டும் திறந்தார். நான் அதற்கு வெளியே போய் நின்று, என் வாழ்க்கையில் முதல்முறையாக, கத்தினேன். "உள்ளே வராதீங்க! அவங்க வெளியே வராங்க! எல்லாரும் வராங்க!"

முதலில் வந்த பெண்ணுக்குப் பதினெட்டு வயது இருக்கும். கூட்டத்தைப் பார்த்ததும் தயங்கினாள். எங்கிருந்தோ ஒரு அம்மாள் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு பாய்ந்து வந்து அவளை இழுத்துக் கட்டிக்கொண்டார். அடுத்தவள் வந்தாள், அவளுடைய புருஷன் முன்னால் வந்து அவள் கையிலிருந்த தூக்குப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டான். இப்படியே வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி வெளியே வரும்போதும் கூட்டத்தின் சத்தம் கொஞ்சம் இறங்கியது. தன் ஆளைக் கண்டவர்கள் கிளம்பிப் போகவில்லை, மற்றவர்களுக்காக நின்றார்கள்.

கடைசிப் பெண் வந்த பிறகு காவலாளி கதவை அப்படியே திறந்து வைத்தார். யாரும் உள்ளே புகவில்லை. கூட்டத்தில் மூன்று குடும்பங்கள் மட்டும் இன்னும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றன.

அவர்களிடம் நான்தான் போகவேண்டும். அந்த அமெரிக்கப் புத்தகத்தில் இதைப்பற்றி ஒரு வரியும் கிடையாது. ஒவ்வொருவரிடமும் போய், அவர்கள் பெண்ணின் பெயரைச் சொல்லி, எங்கே வெந்திருக்கிறது, எந்த ஆஸ்பத்திரி, பேசுகிறாளா இல்லையா என்று தெரிந்ததை மட்டும் சொன்னேன். பிழைத்துவிடுவாளா என்று ஒருவர் கேட்டார். எனக்குத் தெரியாது, டாக்டர் சொல்வார், வாங்க போகலாம் என்றேன். ஆலையின் காரில் அவர்களை ஏற்றி அனுப்பினேன். மானேஜரின் டிரைவர் அனுமதி கேட்கக்கூட இல்லை.

பிறகு நிருபரிடம் சொன்னேன், "நாலு பேர். மூணு பொம்பளைங்க, பாய்லர்காரர். யாரும் சாகலை. குழாய் ஏன் வெடிச்சுதுன்னு தெரியாது. தெரியாதுன்னே எழுதுங்க."

எழுதிக்கொண்டார். மறுநாள் பத்திரிகையில் அப்படியே வந்தது, ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல்.

பாய்லர்காரருக்காக வாசலில் யாரும் நின்றிருக்கவில்லை. அவர் குடும்பம் கௌதள்ளியில் இருந்தது. மறுநாள் காலை ஆலையின் நர்ஸம்மாவும் நானும் கொள்ளேகாலம் பஸ்ஸில் போய், அங்கே வேறு பஸ் பிடித்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். அவர் மனைவி களத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார். ஆலையிலிருந்து வருகிறோம் என்றதுமே முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"உசுரோட இருக்காருங்களா?"

"இருக்கார்ம்மா. ஆனா ரொம்ப வெந்திருக்கு."

"பேசறாருங்களா?"

"நேத்து பேசலை."

அவர் அழவில்லை. பக்கத்து வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு, ஒரு பையில் துணியை வைத்துக்கொண்டு எங்களோடு பஸ் ஏறினார். வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர், மைசூர் நெருங்கும்போது மட்டும் கேட்டார், "நீங்க தமிழுங்களா? அவரு சொல்லியிருக்காருங்க, வாசல்ல ஒரு அம்மா இருக்குதுன்னு."

மனைவி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது பாய்லர்காரருக்கு நினைவு இருந்தது. சில நாள் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் இறந்துபோனார்.

அதற்குப் பிறகுதான் முதலாளி மைசூருக்கு வந்தார். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வரப்போவதாகத் தகவல் வந்திருந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, வாசல் விஷயத்தை நன்றாகச் சமாளித்ததாகச் சொன்னார். பிறகு பத்திரிகைகளுக்கு ஒரு அறிக்கை எழுதச் சொன்னார். பாய்லர்காரரின் கவனக்குறைவால் குழாய் வெடித்தது, ஆனாலும் கருணையோடு அவர் குடும்பத்துக்கு உதவி செய்கிறோம் என்று இருக்கவேண்டும்.

"கவனக்குறைவுன்னு யார் சொன்னா சார்?"

"பாய்லர் அவன் பொறுப்பு. வேற யார்?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். சாயங்காலம் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். காயம்பட்ட மூன்று பெண்களில் இருவர் உட்கார்ந்து பேசுகிற நிலைக்கு வந்திருந்தார்கள். அன்று என்ன நடந்தது என்று கேட்டேன். அவர்கள் சொன்னது எனக்கு அதுவரை தெரியாது. குழாய் வெடித்ததும் கதவோரம் இருந்தவர்கள் எல்லாரும் வெளியே ஓடியிருக்கிறார்கள். பாய்லர்காரர் மட்டும் உள்ளே ஓடியிருக்கிறார், வால்வை மூட. அவர் மூடிய பிறகுதான் புகை நின்று இவர்களுக்கு வழி தெரிந்திருக்கிறது. அந்தக் குழாயின் இணைப்பில் சில வாரங்களாகவே நீர் கசிந்துகொண்டிருந்ததையும் சொன்னார்கள். அதற்குக் கோணி சுற்றியிருந்ததாம்.

பாய்லர்காரரின் மனைவி, விசாரணை முடியட்டும் என்று, ஆஸ்பத்திரிச் சத்திரத்தில்தான் இன்னும் தங்கியிருந்தார். விஷயம் எப்படியோ அவர் காதுக்கும் போயிருந்தது.

"அவரு தப்புன்னு எழுதப் போறாங்களாமுங்க. நெசமுங்களா?"

"நான் எழுதமாட்டேம்மா," என்றேன். சொன்னபோது பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி இருந்தது.

"நீங்க எழுதலைன்னா வேற ஆருமே எழுதமாட்டாங்களுங்களா?"

ராஜினாமா செய்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாகூட அதைத்தான் சொல்வார். ராஜினாமா செய்தால் எனக்கு மனச்சாட்சி சுத்தம். இந்த அம்மாளுக்கு என்ன?

மறுநாள் முதலாளியிடம் போய், அந்தப் பெண்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர்கள் இன்ஸ்பெக்டரிடமும் இதைத்தான் சொல்வார்கள், இருவரும் தயாராக இருக்கிறார்கள் என்றேன்.

"நீ சொல்லிக்கொடுத்தியா?"

"இல்லை சார். கேட்டேன். இதுவரைக்கும் யாரும் அவங்களைக் கேட்கலை. கவனக்குறைவுன்னு நாம அறிக்கை விட்ட மறுநாள் இது வெளியே வந்தா, புழுக்குழியில பொணம்னு பேசினதைக்கூட ஊர் திரும்ப நம்பும்."

அவர் மானேஜரைப் பார்த்தார். மானேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கசிவு இருந்தது சார். நான் போன மாசமே குழாய் மாத்தணும்னு சொன்னேன்," என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்று அவர் நெற்றி வியர்வையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

முதலாளி எழுந்து போய் அறைக்கதவைச் சாத்தினார். பிறகு என்னிடம், "நீ சம்பளம் வாங்கறது எங்கிட்டயா, அவங்ககிட்டயா?" என்று கேட்டார். உங்ககிட்டதான் சார் என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தேன். போகச் சொன்னார்.

அறிக்கையை முதலாளி அப்புறம் கேட்கவே இல்லை. இன்ஸ்பெக்டர் வந்தார், பெண்கள் கட்டுப்போட்ட கையோடு வந்து சொன்னார்கள், மானேஜரும் சொன்னார். பழைய குழாய்தான் காரணம் என்று முடிவாயிற்று. பாய்லர்காரரின் மனைவிக்குச் சட்டப்படி சேரவேண்டிய நஷ்டஈடு சேர்ந்தது. கருணை என்ற வார்த்தை அதில் இல்லை. அவர் ஊருக்குப் பஸ் ஏறும்போது நான் போயிருந்தேன். "வாரேனுங்க" என்றார். அவ்வளவுதான். வேறு என்ன சொல்ல இருக்கிறது? அவருடைய மனிதர் திரும்பி வரப்போவதில்லை.

நிருபர் தோழர் அடுத்த முறை சந்தித்தபோது, தங்கள் பத்திரிகையில் ஒரு இடம் இருப்பதாகவும், இப்போது பெண் என்று யோசிக்கமாட்டார்கள் என்றும் சொன்னார்.

"உங்களுக்கு அந்த வேலை பொருந்தாது ரீ. உங்க வேலை மறைக்கறது. உங்களுக்கு மறைக்க வரலை."

"அன்னைக்கு மறைச்சிருந்தா நீங்க பன்னிரண்டுன்னுதான் எழுதியிருப்பீங்க," என்றேன்.

அவர் சிரித்தார், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த வாதம் எங்களுக்குள் பல வருஷம் நடந்தது. சில சமயம் அவர் பக்கம்தான் சரி என்று எனக்கே தோன்றியிருக்கிறது. முதலாளி அன்று பிடிவாதமாக இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆலைக்குள் உண்மை பேச எனக்குக் கிடைத்த இடம் மிகச் சின்னது. ஆனால் வெளியே நின்றிருந்தால் அந்த இடமும் கிடைத்திருக்காது.

நான் அந்த ஆலையிலேயே இருந்தேன். சில மழைக்காலங்கள் கழித்து ஒருநாள், கூடு உலர்த்துகிற அறையில் தீப்பிடித்துவிட்டது என்று சொன்னார்கள். எனக்கு அன்று விடுப்பு. பதறிப்போய்ச் சாலைக்கு ஓடி, கிடைத்த ஜட்காவில் ஏறினேன். ஆலை வாசலில் கூட்டம் நின்றது. ஆனால் கதவு திறந்திருந்தது. மானேஜர் ஒரு பெட்டியின்மேல் ஏறி நின்று, சட்டைப் பொத்தான் கழன்றது தெரியாமல், தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். யாருக்கும் அடியில்லை, அறை மட்டும்தான் எரிந்தது, எல்லாரையும் வெளியே அனுப்புகிறோம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று.

நான் ஜட்காவை விட்டு இறங்கினேன். அவருக்கு நான் வந்தது தெரியவில்லை, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்துக்குப் பின்னால் ஒரு ஓரமாக நின்று, மற்றவர்களைப்போல நானும் அவர் சொல்வதைக் கேட்டேன்.